இப்ப என்ன படிக்கிறே?

ஆபீஸில் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்கிற கேள்விகளை ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். 'சாப்டாச்சா?', 'மேனேஜர் மூடு எப்படி?', 'போனஸ் பத்தி ஏதாவது காதுல விழுந்துச்சா?', 'ஒரு ஐந்நூறு இருக்குமா, ஒண்ணாம் தேதி தந்துடறேன்'. இந்த நாலையும் கழித்துவிட்டால் மிச்சம் வருவது பூஜ்யம்.

நான் வாரத்தில் 3 நாள் கணக்கு எழுதப் போகிற ஆபீஸில் மட்டும் ஐந்தாவதாக ஒரு கேள்வி உண்டு. 'இப்ப என்ன படிக்கிறே?'

கவனியுங்கள், 'என்ன படிச்சிருக்கே?' இல்லை. அது பெண் கொடுக்க வருகிற மாமனார் கேட்கிற கேள்வி. 'உனக்குப் பிடிச்ச புத்தகம் எது?' என்பதும் இல்லை. அது பேட்டி எடுப்பவர் கேட்பது. அதற்கு எல்லோரும் கையிருப்பில் ஒரு கம்பீரமான பதில் வைத்திருப்பார்கள். 'இப்ப என்ன படிக்கிறே?' என்று கேட்டால் தப்பிக்க முடியாது. தலையணைக்குப் பக்கத்தில் எது கவிழ்ந்து கிடக்கிறதோ அதைச் சொல்லியாக வேண்டும். அது திருக்குறள் உரையாகவும் இருக்கலாம், 'முப்பது நாளில் தொப்பை குறைய' வகையறாவாகவும் இருக்கலாம்.

எங்கள் கூட்டம் மொத்தம் 6 பேர். புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு ரெக்கார்டு ரூமில் கூடுவோம். ஒரு கால் ஊனமான மேஜை, அந்தக் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் பழைய லெட்ஜர், ஆறு டிபன் பாக்ஸ். தலைவர், செயலாளர், பொன்னாடை எதுவும் கிடையாது. ஆளுக்கு ஐந்து நிமிஷம். படித்து முடித்திருக்க வேண்டிய அவசியமில்லை. சொல்லப் போனால் முடித்திருக்கக் கூடாது.

இது விளையாட்டாக வைத்த விதிதான். ஆனால் விஷயமே இதில்தான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவன் நீதிபதி மாதிரி பேசுவான். பாதியில் இருப்பவன் பக்கத்து வீட்டு விவகாரம் மாதிரி பேசுவான். 'அந்தப் பய கடைசியில என்ன பண்ணப் போறானோ தெரியலை ஸார்' என்பான். கருத்து சொல்ல மாட்டான், கவலைப்படுவான். கேட்பதற்கு அதுதான் சுகம்.

நண்பர்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் போட்டால் வீட்டில் மாட்டிக்கொள்வார்கள் என்பதால் பட்டப்பெயர்.

பர்ச்சேஸ் பிரிவு 'கிளைமாக்ஸ்'. இவர் பேச ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். மர்ம நாவலைக் கையில் எடுத்தவன் முகத்தைப் பார்த்தாலே இவருக்கு வாய் ஊறும். 'டாக்டர்தான் கொலைகாரன், நீ பொறுமையா படி' என்று அன்போடு தோளைத் தட்டுவார். டெஸ்பாட்ச்சில் இருப்பவர் கோவில்பட்டி அண்ணன். 'பின்னட்டை' என்பவர் விற்பனைப் பிரிவு இளைஞர். எந்தப் புத்தகம் வந்தாலும் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு 'ஆழமான படைப்பு' என்று முடித்துவிடுவார். அக்கவுன்ட்ஸ் மேடம் ஒருவர், எங்கள் ஐந்து பேரையும் சேர்த்தாலும் அவர் படித்ததில் கால்வாசி தேறாது. அப்புறம் ஆபீஸ் உதவியாளர் தம்பி. இவன் குரூப்-2 பரீட்சைக்குத் தயார் செய்கிறான். ஆறாவதாக அடியேன், பி.காம்.

முதல் மாதம் தம்பி கூட்டத்துக்கு வரவே கூச்சப்பட்டான். 'நான் படிக்கிறது ஸ்கூல் புக்கு ஸார்' என்றான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அத்தனை பாடப்புத்தகங்களையும் வரிசையாகக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். மேடம்தான், 'அதையே சொல்லுப்பா, இப்ப எந்தப் பாடம்?' என்றார். எட்டாம் வகுப்பு சமூக அறிவியலை அவன் சொன்ன விதத்தில் சொல்லியிருந்தால் நானெல்லாம் பி.காம். பக்கமே போயிருக்க மாட்டேன். இப்போது அவனுக்கு எங்களால் ஒரு லாபம். பரீட்சையில் பொதுத்தமிழுக்கு நூலும் ஆசிரியரும் கேட்பார்கள் இல்லையா, அதை நாங்கள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டே தீர்த்துவிடுகிறோம். 'புளியமரத்தின் கதை யார் எழுதினது?' என்று அண்ணன் கேட்பார். 'சுந்தர ராமசாமி, 1966' என்று ரசம் சாதத்தோடு பதில் வரும்.

ஒரு காலத்தில் இந்தப் 'பாதிப் புத்தக' பேச்சு தமிழ்நாடு பூராவும் நடந்தது. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 அக்டோபரில் தொடராக ஆரம்பித்து 1954 மே மாதம்தான் முடித்தார். மூன்றரை வருஷம்! யோசித்துப் பாருங்கள், அத்தனை வாசகர்களும் ஒரே வாரத்தில் ஒரே அத்தியாயத்தில் நிற்கிறார்கள். ஒருத்தரும் மற்றவரை முந்த முடியாது. கிளைமாக்ஸ் மாதிரி ஆசாமிகளுக்குப் பிழைப்பே நடக்காது. வந்தியத்தேவன் தப்பித்தானா என்று தெரிய அடுத்த வாரம் வரை வீட்டுத் திண்ணையிலும் ரயில் பெட்டியிலும் பேசித் தீர்த்திருக்கிறார்கள். பத்திரிகையிலிருந்து அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்து பைண்டு செய்து வைப்பது குடும்ப வழக்கமாகவே இருந்தது. மணியம் வரைந்த படங்கள், பின்பக்கத்தில் பாதி ஜோக், சோப்பு விளம்பரம் எல்லாம் சேர்ந்த அந்த பைண்டு வால்யூம்கள் இன்றைக்கும் சில வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. சொத்துப் பிரிக்கும்போது நிலத்தில் விட்டுக் கொடுத்துவிட்டு இதற்காக முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும்.

1966-ல் இன்னொரு சமாசாரம் நடந்தது. ஜெயகாந்தன் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை எழுதினார். மழை நாளில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் ஒருத்தி, கெட்டு வந்து அம்மாவிடம் அழுகிறாள். அம்மா தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று உள்ளே அழைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. அவ்வளவுதானா! வாசகர்கள் பொங்கிவிட்டார்கள். எப்படி ஏற்றுக்கொள்ளலாம் என்று கடிதம் மேல் கடிதம். சிலர் அந்தக் கதைக்கு வேறு முடிவு எழுதிப் பார்த்தார்கள். ஜெயகாந்தன் என்ன செய்தார்? சரி, அம்மா ஏற்றுக்கொள்ளாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன, பார்க்கலாம் வாருங்கள் என்று ஒரு நாவலே எழுதிவிட்டார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்ய அகாடமி பரிசு. 1977-ல் சினிமா, அதில் நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது. திண்ணைப் பேச்சு ஒரு நாவலைப் பிறக்க வைத்தது என்றால் நம்பத்தான் வேண்டும்.

இதை மேடம் எங்களுக்குச் சொன்னபோது பின்னட்டை ஒரு கேள்வி கேட்டார்: 'அந்த லெட்டர் எழுதினவங்கள்லாம் பொண்ணு பெத்தவங்களா, பையன் பெத்தவங்களா மேடம்?' பின்னட்டை படிப்பவர் என்று இளக்காரமாக நினைக்கக் கூடாது பாருங்கள். சில சமயம் இப்படி ஒன்று வந்து விழும்.

இனி கணக்கு வழக்குக்கு வருவோம். நண்பர்களுக்குள் புத்தகம் கைமாறுவது காதலைவிட ஆபத்தானது. காதலியாவது கடிதத்தைத் திருப்பிக் கொடுப்பாள். புத்தகம் வாங்கினவன் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் உண்டா? 'என்கிட்டயா குடுத்தே?' என்று அவன் கேட்கும்போது நமக்கே சந்தேகம் வந்துவிடும். எனவே ஒரே காமர்ஸ் பட்டதாரி என்ற முறையில் என்னிடம் ஒரு 40 பக்க நோட்டு ஒப்படைக்கப்பட்டது. வாங்குபவர் பற்று, கொடுப்பவர் வரவு. மூன்று மாதம் தாண்டினால் ஐயக்கடன். ஆறு மாதம் தாண்டினால் வாராக்கடன். தேய்மானத்துக்குத் தனிப் பத்தி: 'சாம்பார் 1, டீ கிளாஸ் வட்டம் 2, பக்கம் மடித்தது 11, கொசு 1.'

போன வருஷக் கணக்கு முடிக்கும்போது கொடுத்தது 41, திரும்பியது 36. அந்த ஐந்தில் மூன்று, வேலையை விட்டுப் புனே போன ஒருவரிடம் மாட்டிக்கொண்டன. கல்யாணத்துக்கு அழைத்தார். மொய்க் கவரில் பணத்தோடு 'மூணு புக்' என்று சீட்டு எழுதி வைத்தோம். பதில் இல்லை. தள்ளுபடி செய்து கணக்கை முடித்துவிட்டேன்.

புத்தகம் எங்கிருந்து வருகிறது என்றால், முக்கால்வாசி பழைய புத்தகக் கடைதான். மூர் மார்க்கெட் இருந்தவரை அங்கே போனால் அள்ளிக்கொண்டு வரலாம் என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். 1985-ல் அது தீயில் போயிற்று. நானெல்லாம் அப்போது பிறக்கவே இல்லை. எங்களுக்குத் திருவல்லிக்கேணி நடைபாதைதான். பேரம் பேசத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போவது உத்தமம். (மேடம். வேறு யார்?) ஜனவரி வந்தால் புத்தகக் கண்காட்சி. 1977-லிருந்து நடக்கிறது. போகும்போது 2,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போய், வரும்போது மிளகாய் பஜ்ஜிக்குக்கூடக் கடன் வாங்கித் தின்றுவிட்டு வருகிற இடம்.

கையில் காசு இல்லாதவனுக்குக் கிளை நூலகம் இருக்கிறது. இதில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் செய்த புண்ணியம் அது. ஆக, படிக்காதவரும் காசு கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கட்டின காசுக்காவது ஒரு தடவை உள்ளே போய் ஃபேன் காற்றில் உட்காரலாம் இல்லையா? எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-லிருந்து இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அங்கே போயாக வேண்டும் என்பது 1954-ல் வந்த சட்டம். 'அப்படின்னா உலகத்துலயே ஓசியில ரொம்ப புக் வாங்கினவங்க அவங்கதான்' என்றார் கிளைமாக்ஸ். பொறாமை.

செல்போனில் படிப்பதைப் பற்றி ஒரு வரி: படிக்கலாம், தப்பில்லை, ஆனால் பக்கத்தில் உட்காருகிறவன் எட்டிப் பார்த்து 'என்ன புக்கு?' என்று கேட்க மாட்டான். நீங்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதாக நினைத்துக்கொள்வான்.

அண்ணன் கதைக்கு வருவோம். இவர் ஒரே ஆளைத்தான் படிப்பார், கி.ராஜநாராயணன். கி.ரா.வின் ஊர் இடைசெவல், கோவில்பட்டிக்குப் பக்கம். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்ய அகாடமி பரிசு வாங்கினார். 2021-ல் காலமானார். அண்ணன் அந்தப் புத்தகத்தை எத்தனையாவது தடவை படிக்கிறார் என்று அவருக்கே தெரியாது. 'இப்ப என்ன படிக்கிறீங்க?' என்றால் 'அதேதான்' என்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கிளைமாக்ஸ் கேட்டார்: 'ஏண்ணே, சலிக்கவே இல்லையா?' அண்ணன் சொன்னார்: 'இந்த ஊருக்கு வந்து 19 வருசமாச்சு. என் பொண்ணு நான் பேசுறதைக் கேட்டுச் சிரிக்குதா. வீட்டுல எங்க ஊர்ப் பேச்சு பேச ஆளில்ல. இதுல ஒரு நாப்பது பக்கம் படிச்சா ஊருக்குப் போயிட்டு வந்த மாதிரி.' பஸ் டிக்கெட் விலையும் புத்தக விலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இதுவே சிக்கனம் என்று நான் ஜோக்கடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவரையே சத்தமாக ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னோம். சென்னைவாசிகளான எங்களுக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. தம்பி மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டான், வட்டார வழக்கு பரீட்சையில் வருமாம்.

2019 கோடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். ஆபீஸில் பாத்ரூமுக்குப் பூட்டு, சாவி மேனேஜரிடம்! அந்த ஜூன் மாதம் மேடம் கையில் இருந்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. எழுபதுகளின் ஆரம்பத்தில் எழுதினது. மெட்ராஸில் ஒரு தெரு, தண்ணீருக்கு அலைகிற பெண்கள், ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள். குடம், கைபம்பு, சாக்கடை கலந்து வரும் குழாய், இதையெல்லாம் அவர் எழுதியிருப்பதைப் படித்தால் அழுகை வராது. தொண்டை வறளும். ஐந்து பேரும் மாற்றி மாற்றிப் படித்தோம். ஐம்பது வருஷத்துக்கு முந்தின கதையை ஒரு வரி மாற்றாமல் எங்கள் தெருவில் நடித்துக்கொண்டிருந்தார்கள். கிளைமாக்ஸ் அந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் முடிவைச் சொல்லவில்லை. 'முடிவுன்னு ஒண்ணும் இல்லப்பா. நாளைக்கும் குடத்தைத் தூக்கிட்டுத்தான் போகணும்' என்றார்.

அவருடைய வாழ்க்கையில் முதல் தோல்வி என்று இதைச் சொல்ல முடியாது. அது 2022-ல் வந்தது. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் சினிமாவாக வந்ததும், இரண்டாம் பாகம் வருவதற்குள் நாங்கள் எல்லோரும் துடித்துப்போவோம் என்று கணக்குப் போட்டு, ஐந்து பாகத்தையும் ராத்திரி பகலாகப் படித்துக் கிழித்தார். புதன்கிழமை வந்தது. கைகழுவிவிட்டு, துண்டால் துடைத்துவிட்டு, தொண்டையைக் கனைத்தார். 'ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னா...' என்று ஆரம்பித்தவர், அப்படியே நின்றார். பாவம், கல்கி அதைத் தெளிவாகச் சொல்லவே இல்லை! சந்தேகத்தை நாலு பேர் மேல் தூவிவிட்டுப் போய்விட்டார். மனுஷனுக்கு முகம் சுருங்கிவிட்டது. 'ரெண்டாயிரத்துச் சொச்சம் பக்கம் படிச்சேன்யா' என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி எழுந்தான். 'ஸார், உடையார்குடி கல்வெட்டு இருக்கே.' காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாஸன், சோமன், பரமேஸ்வரன் என்பவர்களின் சொத்தைப் பறித்ததைச் சொல்கிறது. பள்ளிப் புத்தகத்துப் பையன், ஐந்து பாகம் படித்தவருக்குக் கிளைமாக்ஸ் சொல்லிவிட்டான். அன்றைய டீ செலவு தம்பிக்கு இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானம்.

சிரிப்பெல்லாம் சரி. ஒரு புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

மேடம் அம்பையின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார், 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. தலைப்புக் கதையை எல்லோரும் படித்துவிட்டு வரவேண்டும் என்று உத்தரவு. ராஜஸ்தானத்தில் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். வீட்டில் எத்தனையோ அறை. சமையலறை மட்டும் ஒரு மூலையில், இருட்டாக. அந்த வீட்டுப் பெண்களின் வாழ்க்கை மொத்தமும் அதற்குள். அதைக் கொஞ்சம் சரி செய்யலாமே என்று மருமகள் வாயைத் திறக்கிறாள். வீட்டுப் பெரியவருக்கு அது ரசிக்கவில்லை.

ஐந்து ஆண்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தக் கதையைப் பேச உட்கார்ந்தோம். எலுமிச்சை சாதம், சேப்பங்கிழங்கு வறுவல். 'வடக்கே அப்படித்தான் ஸார், நம்ம பக்கம் பரவால்ல' என்று ஆரம்பித்தார் கிளைமாக்ஸ். 'ஆழமான படைப்பு' என்றார் பின்னட்டை. மேடம் கதையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

'உங்க வீட்டு கிச்சன்ல ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?'

அண்ணன் யோசித்தார். நான் யோசித்தேன். 'கிழக்கே' என்றார் கிளைமாக்ஸ் தைரியமாக.

அடுத்த நாள் காலை அவர் மேடம் சீட்டுக்கு நேராகப் போனார். 'மேடம், ஜன்னலே இல்ல. எக்ஸாஸ்ட் ஃபேன்தான் இருக்கு. அதுவும் ஓடல. எட்டு மாசமா ஓடலையாம். ஏன்டி சொல்லலைன்னு கேட்டேன். சொன்னேனே, நீங்க மேட்ச் பாத்துட்டிருந்தீங்கன்னா.' காலை நாலே முக்காலுக்கு எழுந்து அந்தப் புகையில் நின்றுதான் அந்த சேப்பங்கிழங்கு தயாராகியிருக்கிறது. சனிக்கிழமை எலெக்ட்ரீஷியனை அழைத்து ஃபேன் மாட்டினார். ஃபேன் 1,450, கூலி 200. அதற்காக மனிதர் மறுநாளே கரண்டி பிடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபேன் மாட்டினார், அவ்வளவுதான். ஆனால் அவர் மனைவி அந்தக் கதையை வாங்கிப் படித்துவிட்டு, 'அடுத்த புக்கு எப்ப வரும்?' என்று கேட்டனுப்பினார். என் நோட்டில் ஏழாவதாக ஒரு கணக்கு திறந்திருக்கிறேன். இதுவரை வாராக்கடன் இல்லை. சாம்பார்க் கறையும் இல்லை, அது சமையலறையிலேயே புழங்குகிற பிரதி என்பதை நினைத்தால் ஆச்சரியம்தான்.

எங்கள் வயசுக்காரர்கள் தங்களைப் பற்றிப் பேசுவதே இல்லை ஸார். கடன் தொல்லையா, வீட்டில் சண்டையா, தூக்கம் வரவில்லையா, 'ஒண்ணுமில்ல மச்சான், வேலை ஜாஸ்தி' என்பான். அதே ஆள் கையில் ஒரு நாவலைக் கொடுத்து, கதாநாயகன் மேல் உனக்கு என்ன கோபம் என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவான். பாதிக்கு மேல் அவன் கதை.

பின்னட்டையின் அப்பா போன தீபாவளிக்குப் பிறகு காலமானார். இவர் ஒரு மாதம் ஆபீஸ் வந்தார், போனார், பேசவில்லை. புதன்கிழமை வந்து உட்கார்ந்து டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போவார். பொங்கல் கழித்து ஒரு புதன்கிழமை அவராகவே பையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். தி.ஜானகிராமனின் 'மோகமுள்'. நூலகப் பிரதி. அப்பாவின் டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டு, பழைய பே ஸ்லிப்புகளுக்கு அடியில் இருந்ததாம். உள்ளே தேதித் தாளில் கடைசியாகக் குத்தியிருந்த முத்திரை 1998.

'எங்கப்பா புக் படிச்சு நான் பார்த்ததே இல்ல' என்றார். 'பேப்பர்கூட தலைப்புதான் பார்ப்பாரு. எனக்கு யாரைக் கொண்டு பின்னட்டை படிக்கிற பழக்கம்னு நினைச்சீங்க?'

112-ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது.

1998-ல் என்ன நடந்தது என்று கூட்டிக் கழித்துப் பார்த்தோம். பின்னட்டைக்கு அப்போது ஐந்து வயசு. அந்த வருஷம்தான் அவர் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை மூடினார்கள். பகலில் ஒரு ஸ்டோரில் வேலை, ராத்திரி ஒரு குடோனில் வாட்ச்மேன். அப்படியே 20 வருஷம். ஆக, வாசகர் ஒருவர் இருந்திருக்கிறார்; 112-ஆம் பக்கத்தோடு அவருக்கு நேரம் போதாமல் போய்விட்டது. கும்பகோணத்துத் தெருக்கள், பாட்டு, தன்னைவிட மூத்த யமுனா மேல் பாபு வைத்த ஆசை இதெல்லாம் அந்த மனிதருக்குப் பிடித்திருந்ததா, அடுத்தது என்ன என்று ராத்திரி குடோன் வாசலில் உட்கார்ந்து யோசித்தாரா, யாரைக் கேட்பது?

அபராதம் எவ்வளவு ஆகும் என்று என்னைக் கேட்டார்கள். நாளைக்குப் பத்து பைசா என்று வைத்துக்கொண்டாலும், 25 வருஷத்துக்கு 9,125 நாள், 912 ரூபாய் 50 பைசா என்று பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். 'கட்டிடறேன் ஸார். முதல்ல படிச்சுட்டு' என்றார்.

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். பின்னட்டையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை, அது எப்பவோ கிழிந்து போயிருந்தது. ஒரு நாளைக்கு நாலு பக்கம், சில நாள் இரண்டு. முதலில் வேகமாகத்தான் போனார். எண்பதைத் தாண்டினதும் மெதுவாகிவிட்டது. கிளைமாக்ஸ் 'மோகமுள்'ளை மூன்று தடவை படித்தவர். முடிவு அவர் நாக்கு நுனியில் இருக்கிறது. புதன்கிழமைதோறும் வாயில் சோற்றை அடைத்துக்கொண்டு கஷ்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்.

போன புதன்கிழமை எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். 112 வந்ததும் நிறுத்திவிட்டு அப்படியே நூலகத்தில் ஒப்படைப்பதா, தாண்டிப் போவதா? அங்கேயே நிறுத்தட்டும், அது அப்பா படித்த புத்தகம் என்றார் அண்ணன். அவர் படிக்க முடியாததையும் சேர்த்துப் படிக்க வேண்டியது மகன் வேலை என்றார் மேடம். தம்பி இரண்டு பக்கமும் தலையாட்டினான். பின்னட்டை எதுவும் சொல்லவில்லை. பஸ் டிக்கெட்டை மட்டும் எடுத்துப் பத்திரமாக அதே பக்கத்தில் திரும்ப வைத்தார்.

நேற்றைய நிலவரம்: 108.